மூன்று பள்ளிக்கூடமும் ஒரு கச்சான் சரையும்

முருகன் துணை

மேற்பிரிவு, பொகவந்தலாவை
ஜூன் 3

அன்புள்ள தங்கச்சி சிவலட்சுமிக்கு,

அண்ணன் பொன்னையா எழுதிக்கொள்வது. நானும் பிரேமிளாவும் சுகம். நீயும் மச்சானும் சுகமா? அங்கே வெயில் கொளுத்தும். இங்கே ஒரு மாதமாக மழை. ஆணியில் மாட்டிய சட்டை இன்னும் காயவில்லை.

எழுதிக்கொள்வது என்று பேருக்குச் சொல்கிறேன். வழக்கம்போல நான் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். என் பெயரையும் பஸ்ஸின் போர்டையும் தவிர எனக்கு என்ன தெரியும்? போனில் பேசலாம் என்றால் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே ஏறினால்தான் சிக்னல். ஏறி மூச்சு வாங்குவதற்குள் அது போய்விடுகிறது.

விசயத்துக்கு வருகிறேன். இவள் ஐந்தாம் ஆண்டு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிகிறது. ஆறுக்கு டவுனுக்குப் போய் வர வேண்டும். காலையில் நான் மலைக்கு வேலைக்குப் போனால் மாலை வரை வீட்டில் ஆள் இல்லை. இவள் அம்மா கண்ணை மூடி ஆறு வருசமாகிறது. உன்னிடம் விட்டுப் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் பக்கத்தில் ஆறாம் ஆண்டுக்கு என்னென்ன பள்ளிக்கூடம் இருக்கிறது, எது நல்லது என்று விசாரித்து எழுது. நல்லது என்று மட்டும் எழுதாதே, எதனால் நல்லது என்றும் எழுது. தைக்கு முன் தெரிந்தால் போதும்.

அன்பு அண்ணன்,
பொன்னையா

அத்தை, நான் பிரேமிளா. இதை அப்பா சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா?


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், இவருக்கு மட்டும் கொஞ்சம் இருமல். உங்கள் சட்டை இதற்குள்ளாவது காய்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். “என்ன, சோதனைக்கோ படிக்கிறாய்?” என்று இவர் கேட்டார். விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் கேட்கிற கேள்வியா அண்ணன்? பதினெட்டு வருசமாக இந்த வீட்டில் சாப்பாடு முடிந்தால் இரண்டு தட்டுத்தான் கழுவுகிறேன். பிள்ளை இல்லை என்று முந்தி அழுதேன். இப்போது அழுவதில்லை, ஆனால் தட்டுக் கழுவும்போது சில நாள் நினைப்பு வரும்.

பள்ளிக்கூடங்களை நான் என் வழியில் விசாரிக்கப் போகிறேன். அதிபரிடம் கேட்டால், தன் பள்ளிக்கூடம் கூடாது என்று எவர் சொல்வார்? ஏ9 வீதியோரத்தில் என் கச்சான்கடலைக் கடை இருக்கிறதல்லவா, அதைப் பின்னேரங்களில் இவரிடம் விட்டுவிட்டு, ஒரு கூடையோடு பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் இருக்கப்போகிறேன். மூன்று பள்ளிக்கூடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே, கச்சான் போட்டுக் கொடுக்கிற தாள் சரை சுற்றப் பழைய கொப்பிகளையும் வாங்குவேன். சுற்ற முன் கொப்பியைத் திறந்து பார்த்தால், ரீச்சர் திருத்தியிருக்கிறாவா, சும்மா கையெழுத்து வைத்திருக்கிறாவா என்று தெரிந்துவிடும்.

பிரேமிளா, நாய் இரண்டு. ஒன்று குரைக்கும், மற்றது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்புத் தங்கை,
சிவலட்சுமி


முருகன் துணை

மேற்பிரிவு
ஜூலை 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறோம். மச்சானை இருமலுக்கு மருந்து எடுக்கச் சொல்.

உன் கடிதத்தை இவள் வாசிக்க வாசிக்கச் சிரித்தேன். கூடையைக் கண்டு காவல்காரர் துரத்தாமல் பார்த்துக்கொள். போகிற இடத்தில் இதையும் பார். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கழிவறை ஒழுங்கா, பிள்ளைகளை அடிப்பார்களா. நான் இரண்டாம் ஆண்டில் வாங்கிய அடியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் மகள் அப்படி விடக்கூடாது.

பொன்னையா

அத்தை, எங்கள் டீச்சர் சிவப்புப் பேனாவால் நன்று என்று போட்டால் அந்தக் கொப்பியை அன்றைக்குத் தலையணைக்குக் கீழே வைப்பேன். கச்சான் இங்கே கிடைப்பது நமுத்துப் போனது.


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
ஜூலை 29

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். இவருடைய இருமல் நின்றுவிட்டது, மருந்தால் அல்ல, பீடியை விட்டதால்.

மூன்று கிழமையும் முடிந்தது. வெயிலில் நான் வறுத்த கச்சான் மாதிரி ஆகிவிட்டேன். பள்ளிக்கூடங்களின் பெயரை விடுங்கள், நான் வைத்த பெயரிலேயே எழுதுகிறேன்.

முதலாவது குளத்தடிப் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிசம். சின்னப் பள்ளிக்கூடம், ஆறாம் ஆண்டில் பத்தொன்பது பிள்ளைகள். ஒரு சரையை வாங்கி நாலு பேர் பங்குபோட்டுத் தின்னும் பிள்ளைகள். தமிழ்க் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. கணக்குக் கொப்பியில் மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு மையே இல்லை. விசாரித்தேன். கணக்கு ரீச்சர் மாற்றலாகிப் போனாவாம், இன்னும் ஆள் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்.

இரண்டாவது மாமரப் பள்ளிக்கூடம், புளியங்குளம் பக்கம் போகிற வழியில். புதிய மாடிக் கட்டடம், குழாயைத் திறந்தால் தண்ணீர், கழிவறைக்குக் கதவும் பூட்டும். பார்த்ததும் ஆசைப்பட்டேன். பிறகு கொப்பியைத் திறந்தேன். பன்னிரண்டையும் பதினைந்தையும் கூட்டி இருபத்தெட்டு என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது, அதற்கும் பெரிய சரி. எல்லாப் பக்கத்திலும் சரி. அங்கே பிழை விடவே முடியாது போல.

மூன்றாவது மணிக்கூண்டுப் பள்ளிக்கூடம், மாங்குளம் பக்கம். அடி என்ற பேச்சு இல்லை. கொப்பியில் பிழை என்றால் பிழை என்று போட்டு, அதற்குக் கீழே எப்படிச் செய்ய வேண்டும் என்று ரீச்சர் தன் கையால் செய்து காட்டியிருக்கிறா. பிள்ளைகள் வாசலில் நின்றும் புத்தகம் வாசிக்கிறார்கள். ஆனால் தூரம். காலைப் பஸ் நிரம்பி வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டால் நிற்பாட்டாது. அதனால் அது சரிவராது.

என் எண்ணம் குளத்தடிதான். கணக்குக்கு எப்படியும் ஒரு ஆள் வரும்.

பிரேமிளாவுக்குப் பத்துச் சரை கச்சான் பார்சலில் அனுப்புகிறேன். நமுக்க முன் தின்னவும்.

சிவலட்சுமி


முருகன் துணை

மேற்பிரிவு
ஓகஸ்ட் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். பார்சல் வந்தது. எங்கள் லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். “இந்தக் கச்சானுக்காகவே புள்ளைய அங்க அனுப்பலாம்” என்று பக்கத்து வீட்டு நாகேஸ்வரி சொல்கிறாள்.

நீ சொன்னபடி குளத்தடியே இருக்கட்டும். கணக்குதான் யோசனையாக இருக்கிறது. எனக்குக் கணக்குத் தெரியாததால் நான் பட்டது போதும். ஆனாலும் நீ பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பொன்னையா

அத்தை, சரைகளையெல்லாம் விரித்து வாசித்தேன். நிலவைப் பற்றி எழுதிய கட்டுரை நல்லாக இருந்தது. எட்டாவது சரை கொப்பித் தாள் இல்லை. மணிக்கூண்டுப் படம் போட்ட அறிவித்தல். ஆறாம் ஆண்டுக்கு வெளியூரிலிருந்து வரும் மாணவிகள் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படிக்கலாம் என்று இருக்கிறது. உங்களுக்கு அது தெரியுமா? அதை நான் அப்பாவுக்கு வாசிக்கவில்லை. கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.


மேற்பிரிவு
செப்டெம்பர் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஐந்து கிழமையாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? தபால்காரரை நான் மறித்து மறித்துக் கேட்டு, அவர் இப்போது என்னைக் கண்டால் அடுத்த லயத்தால் சுற்றிப் போகிறார். இரண்டு வரி எழுது.

பொன்னையா

அத்தை, நான் கேட்டதற்குக் கோபமா?


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
செப்டெம்பர் 28

பிரேமிளா, உன்னில் கோபம் இல்லையம்மா. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அப்பாவுக்கு வாசி. உனக்கு விருப்பமில்லாத வரியையும் வாசி.

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை.

மணிக்கூண்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் சரிவராது என்று எழுதினேன். அங்கே விடுதி இருக்கிறது என்பதை எழுதவில்லை. தெரிந்துகொண்டுதான் எழுதவில்லை. சுத்தமான விடுதி, பொறுப்பான ஒரு அம்மா இருக்கிறா, பின்னேரம் படிப்பிக்க ஆள் இருக்கிறது. அங்கே விட்டால் பஸ்ஸும் தேவையில்லை, நானும் தேவையில்லை. அதுதான் காரணம்.

அந்த அறிவித்தலை வாசலில் நின்ற எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் வாங்கிக் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பார்சல் கட்டும்போது கைப்பழக்கத்தில் அதையும் எடுத்துச் சுற்றியிருக்கிறேன். பன்னிரண்டு வருசமாகத் தாளைக் கண்டால் சுற்றுகிற கை, எதை ஒளிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. பிள்ளை அதை வாசித்துவிட்டு எனக்காக மறைத்திருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளையை என் பொய்க்குத் துணையாக்கிவிட்டேனே என்பதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

இவரிடம் சொன்னேன். “பிள்ளைக்கு நல்லதை மறைச்சுப்போட்டு என்னத்த வளர்க்கப் போறாய்?” என்று ஒருதரம் கேட்டார். பிறகு கேட்கவில்லை. திரும்பக் கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணன். உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள்.

சிவலட்சுமி


முருகன் துணை

மேற்பிரிவு
ஒக்டோபர் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

இவள் முழுவதையும் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு அழுதாள். கொப்பிக்குள் இருந்த அறிவித்தலை எடுத்து என் மடியில் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை நல்லாக ஏமாற்றினீர்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கு இது வேண்டும்தான்.

ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்னை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்துச் சொல். மூன்றில் எது?

பொன்னையா

அத்தை, அப்பா என்னுடைய முதலாம் ஆண்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
நவம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. நாங்கள் சுகம்.

மணிக்கூண்டுதான். முதல் நாளே எனக்குத் தெரியும். பிழைக்குக் கீழே எப்படிச் செய்வது என்று எழுதிக் காட்டுகிற ரீச்சர் இருக்கிற இடத்தில்தான் நம் பிள்ளை படிக்க வேண்டும்.

பஸ் விசயத்தையும் உண்மையாக எழுதுகிறேன். காலைப் பஸ் பிள்ளைகளுக்கு நிற்பாட்டாது என்பது மெய். ஆனால் என் கடையில் கச்சான் வாங்காத பஸ்காரர் இந்த வீதியில் இல்லை. ரூபன் என்கிற சாரதியிடம் கேட்டேன். “நீங்க நில்லுங்கோ அக்கா, நான் ஆறரைக்கு உங்கட கடையடியில நிப்பாட்டாமப் போகமாட்டன்” என்றார். சும்மா சொல்கிறாரோ என்று இரண்டு கிழமை நானே அந்தப் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஒரு நாளும் தப்பவில்லை. பின்னேரம் என் கூடையை அந்த வாசலுக்கு மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையும் நானும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வரலாம்.

இதுவும் ஒரு வழி. விடுதியும் ஒரு வழி. எது நல்லது என்று என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். என் தராசு ஒரு பக்கம் சாயும்.

சிவலட்சுமி


முருகன் துணை

மேற்பிரிவு
நவம்பர் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். இதை நான் சொல்லச் சொல்ல இவளுக்குச் சிரிப்பு. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நான் உன்னிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். பிள்ளை எங்கே தூங்குவது என்று கேட்டேனா? அது நான் கேட்பதற்கு முன்பே முடிவானது. விடுதி வேண்டுமென்றால் இந்த மலையிலும் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் கேட்டு எழுதினேன் என்றால், அங்கே நீ இருக்கிறாய் என்றுதான். இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் உனக்கு இவ்வளவு பாடு இல்லை. சொல்ல வெட்கப்பட்டேன்.

மணிக்கூண்டிலேயே சேர். விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு தை பிறந்ததும் கூட்டிவருகிறேன்.

பொன்னையா

அத்தை, குரைக்காத நாயின் பெயர் என்ன?


பிள்ளையார் துணை

கனகராயன்குளம்
ஜனவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பஸ் ஏறும்போது நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முதல் கிழமை முடிந்தது. முதல் நாள் சீருடையில் மை கொட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் நிறஞ்சனா என்று ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து என் கூடையடிக்குக் கூட்டிவந்து, “இவதான் என்ர அத்தை” என்றாள். ஒரு கிழமையில் இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அன்றைக்கு எத்தனை சரை விற்றேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நேற்றுத்தான் அவளுடைய முதலாவது கணக்குப் பிழை. ரீச்சர் கீழே செய்து காட்டியிருக்கிறா. சந்தோசமாகக் கொண்டுவந்து காட்டினாள், பரிசு வாங்கின மாதிரி. குரைக்காத நாய் இப்போது அவளுக்காகக் குரைக்கிறது.

இப்போது மூன்று தட்டுக் கழுவுகிறேன் அண்ணன்.

ஒரே ஒரு யோசனை. உங்களுக்கு எழுத்துக்காரி இங்கே வந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை யார் உங்களுக்கு வாசிப்பார்? நாகேஸ்வரியின் மகனா? பதிலை யாரைக்கொண்டு எழுதுவீர்கள்? அவளும் இதைத்தான் ஒவ்வொரு நாளும் கேட்கிறாள்.

சிவலட்சுமி


மேற்பிரிவு
பெப்ரவரி 23

தங்கச்சி,

இது என் கை. யாரும் எழுதித் தரவில்லை. நாலு நாள் எடுத்தது.

நான் சுகம். நீ சுகமா. மச்சான் சுகமா. மகள் சுகமா.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு ஞாயிறு போனது. மூன்று தட்டு என்ற இடத்தில் பிழையாக வாசிக்கிறேனோ என்று திரும்ப வாசித்தேன். சரிதான்.

மழை விட்டது. சட்டை காய்ந்தது.

இதை மகளிடம் கொடு. சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பட்டும். எல்லாவற்றுக்கும் சரி போட வேண்டாம். பிழைக்குக் கீழே எப்படி எழுதுவது என்று எழுதிக் காட்டச் சொல்.

பொன்னையா